காது உள்ள அறை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாகப் பாடசாலையின் பழைய அறை ஒன்றைச் சிறு நூதனசாலையாக்குவதென்று சங்கம் தீர்மானித்தது உங்களுக்குத் தெரியும். கனடாவிலும் லண்டனிலும் கட்டாரிலும் இருக்கிற நம்மவர்கள் பணமும் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் முதலில் என்ன வாங்குவது என்பதில்தான் குழுவுக்குள் இழுபறி. சுவர் அளவுக்குத் தொடுதிரை ஒன்று வேண்டும் என்றது ஒரு கட்சி. நாங்களும் அந்தக் கட்சிதான். இப்போது மாறிவிட்டோம். ஏன் மாறினோம் என்று சொல்லத்தான் இந்தப் பதினைந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினோம். நாங்கள் என்பது 1997இல் சாதாரண தரம் எழுதிய வகுப்பு. எங்களில் ஒருத்தி வைத்தியரானதால் பேச்சை அவளிடம் தள்ளிவிட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்களில் மூன்று பேர் குடும்பங்களோடு மதுரைக்குப் போய், அங்கிருந்து கீழடிக்கும் போனோம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டியிருக்கிறார்கள். தொடுதிரையும் அசையும் படங்களும் உண்டு. பிள்ளைகள் திரைகளுக்கு ஓடினார்கள், தட்டினார்கள், அடுத்ததற்கு ஓடினார்கள். வெளியே வந்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன என்று சொன்னதும் எங்களோடு வந்த பத்து வயதுக்காரி நின்றுவிட்டாள். "என்ட தண்ணிப் போத்தல்லயும் பேர் எழுதித்தானே இருக்கு" என்றாள். இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்திய ஒருவரும் அவளும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க அவளுக்குத் திரை தேவைப்படவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலையில் ஆளுயர உருவங்களுக்கு முன்னால் நின்று உம்மும்மாமார் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். உருவங்களை விட அந்த விளக்கம் நன்றாக இருக்கும். அதை யாரும் பதிந்து வைப்பதில்லை.

ஊருக்குத் திரும்பி, பெற்றோர் தினத்தன்று ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒரு மேசையில் பழைய படங்கள் ஏற்றிய டெப்லெட். மற்ற மேசையில் 1977ஆம் ஆண்டு எட்டாம் வகுப்பின் ஒரேயொரு படம், பெரிதாக அச்சடித்து, ஒவ்வொரு முகத்துக்கும் இலக்கம் போட்டு. பக்கத்தில் ஒரு கொப்பி, பென்சில். மேலே "இவர்கள் யார்?" என்று மட்டும் எழுதியிருந்தோம். அந்தக் காலத்து வரவு இடாப்புகள் 1978 நவம்பர் 23 சூறாவளியோடு போய்விட்டன, பெயர்கள் எங்களுக்கு உண்மையாகவே தெரியாது.

டெப்லெட்டில் சின்னப் பிள்ளைகள் விரலால் தள்ளி விளையாடினார்கள். படத்தைச் சுற்றி ஆள் விலகவே இல்லை. "இது எங்கட சின்னம்மா", "இல்லகா, அவ ஒரு வகுப்பு மேல" என்று ஒரே வாதம். கொப்பியில் பாதிக்கு மேல் பெயர் ஏறிவிட்டது. வந்தவர்களிடம் மட்டுமே இருந்த ஒன்றை அந்த மேசை கேட்டது.

பின்னேரம், அங்கே கற்பித்த ஒரு ரீச்சரை மகள் சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எண்பது கடந்தவர். மகளின் பெயர் அன்று அவருக்கு வரவில்லை. மறதி நோயில் கிட்டிய ஞாபகங்கள் முதலில் போகும், பழையவை பிந்திப் போகும். ரீச்சர் முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்து பதினாலாம் இலக்கத்தில் விரலை வைத்தார். "இவள் சூறாவளிக்குப் பிறகு வரல்ல" என்றார். "மறுகா?" என்று கேட்டோம். கொஞ்சம் பேசினார். கிடுகுக் கூரை, மழை, யாரோ ஒருவருடைய தகப்பன் என்று சில சொற்கள்தான் எங்களுக்கு நினைவிருக்கின்றன. எங்கள் கையில் ஆளுக்கொரு ஸ்மார்ட் போன் இருந்தது. ஒருவரும் பதிவை அழுத்தவில்லை. இரண்டு மாதத்தில் ரீச்சர் காலமாகிவிட்டார்.

அன்றிரவுதான் கட்சி மாறினோம்.

கேட்பது எங்கள் தொழில். அதில் நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரரும் இல்லை. 1984இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கெல் என்ற இருவர் வைத்தியர்–நோயாளி உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி 18 விநாடியில் வைத்தியர் குறுக்கிட்டுவிடுகிறாராம். நூதனசாலைத் திரை அந்த 18 விநாடிகூடக் கேட்பதில்லை. எல்லாவற்றையும் அதுவே சொல்லி முடித்துவிடும்.

ஜப்பானில் ஒட்சுச்சி என்ற கரையோர ஊரில் இடாரு சசாகி என்பவர், இறந்துபோன உறவினரோடு பேசுவதற்காக 2010இல் தன் தோட்டத்தில் ஒரு வெள்ளைத் தொலைபேசிக் கூடு வைத்தார். உள்ளே இருப்பது இலக்கம் சுழற்றும் பழைய போன். வயர் எங்கும் போகவில்லை. அடுத்த வருடம் மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, உறவுகளைக் கடலில் பறிகொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் அதைத் தேடி வந்து பேசினார்கள்.

எங்கள் திட்டமும் ஒரு பழைய போன்தான். ரிசீவரைத் தூக்கினால் ஒரு பழைய மாணவியின் குரல், ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் ஒரு சம்பவம் சொல்லும். முடிவில் அதே குரல் உங்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்கும். "சூறாவளி அன்று உங்கட வீட்டில என்ன நடந்த?" பிறகு ஒரு மணிச் சத்தம், நீங்கள் பேசலாம், மூன்று நிமிடம். பேச விருப்பமில்லையா, வைத்துவிடலாம். உள்ளே ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கணினி, கரண்ட் போனால் ஓட ஒரு பற்றரி. ரிசீவரைப் பிடிக்க வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. காது கேளாதவருக்குப் பேச்சு முழுவதையும் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பக்கத்தில் தொங்கவிடுவோம். இப்போதைய பிள்ளைகளுக்கு வயர் போட்ட போனே ஒரு நூதனப் பொருள்தான், அது வேறு கதை.

பழுதானால் உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளே திருத்த வேண்டும். கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறினால் கல்முனையிலிருந்து ஆள் வரப்போவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பண்டா ஆச்சேயிலுள்ள சுனாமி நூதனசாலை 2009இல் திறக்கப்பட்டது. உள்ளே போவதே இருண்ட, ஒடுங்கிய பாதையால். இரு பக்கமும் உயர்ந்த சுவர், நீர் இரையும் சத்தம். அலையைக் காணாதவர்களுக்கு அது நல்ல பாடமாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ காரைதீவிலோ பிள்ளையைப் பறிகொடுத்த தாயை அப்படியொரு பாதையால் நடத்த நாங்கள் தயாரில்லை. எங்கள் அறையில் எந்தச் சத்தமும் தானாகத் தொடங்காது. தூக்கினால் பேசும், வைத்தால் நிற்கும்.

பதிந்த குரல் யாருடையதோ, முடிவும் அவருடையது. இப்போதே எல்லோரும் கேட்கலாமா, இருபது வருடம் பூட்டி வைப்பதா, அழித்துவிடுவதா என்று அவரிடம் எழுத்தில் கேட்போம். யுத்த வருடங்களைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இது மிகவும் அவசியம். மூன்று மதத்தவர் வந்துபோகும் அறையில் ஒருவருடைய ஞாபகம் இன்னொருவரின் நெஞ்சில் குத்தக்கூடும். அதற்காகப் பதியாமல் விடவும் முடியாது. பூட்டு அதற்குத்தான். பிரதிகள் மூன்று இருக்கும்: ஒன்று பாடசாலையில், ஒன்று சங்கத்தில், ஒன்று கடல் கடந்து.

ஆகவே குழுவிடம் கேட்பது இவ்வளவுதான். முதல் பணத்தில் நல்ல ஒலிப்பதிவுக் கருவிகள் இரண்டு வாங்குங்கள். எழுபது தாண்டிய அக்காமாரின் வீடுகளுக்கு இந்த மாதமே போகத் தொடங்குவோம். திரையைப் பிறகு வாங்கலாம், அது வருடா வருடம் மலிந்துகொண்டுதான் போகிறது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 1977 படத்தை இந்த மலரில் இலக்கங்களோடு அச்சிடும்படி கேட்டிருக்கிறோம். உங்கள் அம்மாவையோ பெரியம்மாவையோ பக்கத்தில் இருத்தி, படத்தைக் கையில் கொடுத்து, போனில் பதிவை அழுத்திவிட்டுப் பேசாமல் இருங்கள். குரலை அப்படியே சங்கத்துக்கு அனுப்புங்கள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவதாக, இரட்டைப் பின்னலோடு நிற்பவள்தான் பதினாலாம் இலக்கம். கொப்பியில் அவள் பெயருக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.