உழைப்பாளர் எழுப்பிய ஜெபக்கூடம்
(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு சிறிய ஜெபக்கூடத்தின் கதை. சங்க மேடையில் ஜெபக்கூடத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். முழுவதும் கேட்டபின் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் வட்டாரத்தில், டால்பட்டில் என்று ஒரு கிராமம். 1818-ஆம் ஆண்டில் அவ்வூர் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த எளிய மக்கள் தங்களுக்கென ஒரு ஜெபக்கூடம் கட்டினார்கள். களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து எழுப்பிய சுவர். ஆடம்பரம் ஏதுமில்லை. ஆனால் அது அவர்களுடைய கூடம்.

அந்தச் சபையின் பிரசங்கிகளில் ஒருவர் ஜார்ஜ் லவ்லெஸ். பண்ணையில் ஏர் உழுத கூலியாள். தாமே முயன்று படித்தவர். நாலு பேர் முன் நின்று நியாயம் பேசும் பழக்கம் அவருக்குப் பிரசங்கத்தில் வந்தது. அந்தப் பழக்கமே பிறகு சங்கத்துக்குப் பயன்பட்டது.

வாரக்கூலி 9 ஷில்லிங்காக இருந்தது 8 ஆயிற்று. 8 பிறகு 7 ஆயிற்று. இனி 6 தான் என்றார்கள் பண்ணைக்காரர்கள். அதில் குடும்பம் நடத்த முடியுமா? 1833-இல் கூலிகள் சங்கம் அமைத்தார்கள். தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் குடிலில் கூடி, ஒற்றுமையாக நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள்.

அக்காலத்தில் சங்கம் வைப்பது குற்றமன்று. ஆனாலும் கடற்படைக் கலகத்தை அடக்க 1797-இல் போட்ட சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, இரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று 1834 பிப்ரவரியில் ஆறு பேரைக் கைது செய்தார்கள். தண்டனை ஏழாண்டு நாடுகடத்தல்! ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். நாடு கொதித்தது. ஏப்ரல் 21-இல் இலண்டனில் தொழிலாளர் பேரணி திரண்டது. 1836-இல் அரசு பணிந்து மன்னிப்பு வழங்கியது. 1837 முதல் ஒவ்வொருவராகத் தாயகம் திரும்பினார்கள்.

தோழர்களே! அந்த அறுவரைத் தொழிலாளர் உலகம் மறக்கவில்லை. நூற்றாண்டு நிறைந்த 1934-இல் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் அவர்கள் நினைவாக அவ்வூரில் ஆறு வீடுகள் கட்டியது. ஆண்டுதோறும் ஜூலையில் அங்கே விழா நடக்கிறது. ஆனால் அந்த ஜெபக்கூடம் என்ன ஆயிற்று? சபையார் வேறு கூடத்துக்குப் போய்விட, பழைய கூடம் பண்ணைக் கொட்டிலாயிற்று. விழாவுக்கு வந்தோர் நடந்துபோகும் தூரத்திலேயே அது சிதைந்துகொண்டிருந்தது!

இந்த நூற்றாண்டில்தான் அதை மீட்க ஓர் அறக்கட்டளை எழுந்தது. நன்கொடை திரட்டினார்கள், பாரம்பரியச் சின்னங்களுக்கு உதவும் லாட்டரி நிதியையும் பெற்றார்கள், கூடத்தைப் பழுதுபார்த்தார்கள். இது எளிய வேலையன்று. இத்தகைய மண்சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைக் கரைத்துவிடும். மண்ணும் சுண்ணாம்புமே அதற்கு மருந்து. கட்டியவர்கள் கையாண்ட பொருளைக் கொண்டே காப்பாற்ற வேண்டும்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? வீரர்களுக்குச் சிலை வைப்பது எளிது. அவர்கள் கூடிப் பேசிப் பழகிய இடத்தைக் காப்பது அரிது. நம்மையே பார்ப்போம். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. லயங்களோடு கோயிலும் தேவாலயமும் தமிழ்ப்பள்ளியும் போயின. பால்மரம் வெட்டிய கைகள் காசு சேர்த்துக் கட்டியவை அவை. யார் கட்டினார், எந்த ஆண்டில், எவ்வளவு வசூல் என்ற கணக்காவது நம்மிடம் உண்டா?

ஆகவே நாம் இன்றே தொடங்குவோம். தோட்டத்து முதியவர்கள் சொல்லட்டும். கிராணிமார் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். கூரை ஒழுகினால், கூட்டம் போட்டு ஓடு மாற்றுவோம். எந்தச் சமயத்தார் கட்டியதாயினும் அது தொழிலாளியின் வியர்வை. அதைக் காப்பதும் சங்கத்தின் வேலையே!