வீட்டுக் கணக்கும் விசுவாசமும்



இச்சொற்பொழிவை ஏற்படுத்தியவர்கள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வேதசாஸ்திர வாதங்களைப் பண்டிதர்களுக்கு விட்டுவிட்டு, குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் பிரயோஜனமான விஷயத்தைப் பேச வேண்டும் என்பது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்நிபந்தனை உண்மையில் மிகக் கடினமானது. திரித்துவத்தைப் பற்றி நான் தவறாகப் பேசினால் கண்டுபிடிக்கச் சிலரே இருப்பீர்கள். மாமியார் மருமகள் விவகாரத்தைப் பற்றித் தவறாகப் பேசினாலோ, இந்த மண்டபத்திலுள்ள அத்தனை பேரும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆகையால் என் சொந்தச் சாமர்த்தியத்தை நம்பாமல், புதிய ஏற்பாட்டில் 25 வசனங்களே கொண்டதும், பிரசங்கிமார் அதிகமாக எடுத்தாளாததுமான பிலேமோன் நிருபத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

நிருபத்தின் சங்கதி சுருக்கமானது. லவோதிக்கேயாவுக்கு அருகிலிருந்த கொலோசெ பட்டணத்தில், தன் வீட்டிலேயே சபை கூடத்தக்க வசதி படைத்த பிலேமோன் என்னும் கிறிஸ்தவனுக்கு ஒநேசிமு என்றோர் அடிமை இருந்தான். அவன் எஜமானைப் பிரிந்து, சிறையிலிருந்த அப்போஸ்தலன் பவுலிடம் எப்படியோ வந்து சேர்ந்து, அவர் மூலமாக விசுவாசியானான். அவனைப் பவுல் ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார். அந்தச் சிறை இருந்தது ரோமாபுரியிலா எபேசுவிலா என்பதில் அறிஞர்கள் ஒருமைப்படவில்லை. நமக்கு அது முக்கியமுமன்று. திரும்பி வந்த அடிமையைச் சவுக்கால் அடிக்கவும், நெற்றியில் சூடு போடவும் அக்காலத்து எஜமானுக்கு அதிகாரம் இருந்தது என்பதே முக்கியம். அதாவது, சட்டம், ஊர் வழக்கம், பணம் ஆகிய மூன்றும் பிலேமோன் பக்கத்தில் நின்றன. ஒநேசிமுவின் பக்கத்தில் இருந்தது ஒரு கிழவர் எழுதிய கடிதம் மாத்திரமே.

அக்கடிதத்தின் நடையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கட்டளையிடத் தமக்குத் துணிவுண்டு என்று சொல்லிக்கொண்டே பவுல் கட்டளையிடாமல் மன்றாடுகிறார். அடிமையைத் தம் பிள்ளை என்றும், தம் உள்ளமே என்றும் சொல்லி, தம்மை வரவேற்பதுபோல அவனை வரவேற்கக் கேட்கிறார். பிறகு வருவது சுத்தமான கொடுக்கல் வாங்கல். அவன் ஏதாவது அநியாயம் செய்திருந்தாலும், கடன் பட்டிருந்தாலும், அதைத் தம் கணக்கில் ஏற்றிக்கொள்ளும்படி எழுதி, தாமே திருப்பிச் செலுத்துவதாகத் தம் கைப்பட உறுதி சொல்கிறார். காசுக்கு வழியில்லாத ஒரு கைதி எழுதிக்கொடுத்த பிராமிசரி நோட்டு அது! அதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை; நீ உன்னையே எனக்குக் கடனாகச் செலுத்த வேண்டியவன் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை என்று, சொல்ல வேண்டியதில்லை என்பதையே சாக்காக வைத்துச் சொல்லியும் விடுகிறார். கடைசியில், தாம் தங்குவதற்கு ஓர் இடத்தை ஆயத்தம் செய்யும்படி கேட்கிறார். விருந்தாளியாக வரப்போகிறவர் வந்து முதலில் யாரை விசாரிப்பார் என்பது பிலேமோனுக்கு விளங்காமலா போயிருக்கும்? மேலும், வீட்டுக்குள் முடிந்துபோகக்கூடிய இந்த விவகாரத்தை, விசுவாசிகளான அப்பியாளுக்கும் அர்க்கிப்புவுக்கும் வீட்டிலே கூடும் சபைக்கும் சேர்த்தே விலாசமிட்டு எழுதியிருப்பதால், பிலேமோன் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடவும் வழியில்லை.

இத்தனை சாதுரியமும் யாரை நோக்கிப் பிரயோகிக்கப்படுகிறது என்பதே என் பேச்சின் சாரம். அது கை ஓங்கியவனை நோக்கிப் பிரயோகிக்கப்படுகிறது; விசுவாசம் ஒரு குடும்பத்துக்குள் நுழையும்போது முதல் கேள்வியை அவனிடந்தான் கேட்கிறது. நம்முடைய சபைகளிலோ பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. அடிபடுகிற மனைவிக்குப் பொறுமையைப் பற்றியும், பாகப்பிரிவினையில் ஏமாற்றப்பட்ட தம்பிக்கு மன்னிப்பைப் பற்றியும், சம்பளம் நின்றுபோன உபதேசியாருக்குப் பரலோகத்துப் பொக்கிஷத்தைப் பற்றியும் பேச ஆள் குறைவில்லை. புருஷனிடமும் அண்ணனிடமும் கமிட்டியாரிடமும் போய்ப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இப்படித் தலைகீழாக்குவது இந்நிருபத்துக்கே நேர்ந்ததுண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தின் லிபர்ட்டி கவுண்டியில், சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்னும் பிரஸ்பிட்டேரியன் குருவானவர், தாமே அடிமைகளை வைத்திருந்தவர், 1833இல் அடிமைகள் கூடிய ஆராதனையில் இந்நிருபத்தையே ஆதாரமாகக் கொண்டு, எஜமானுக்கு உண்மையாயிருப்பதையும் ஓடிப்போவதன் குற்றத்தையும் போதித்தார். கேட்டிருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். இதை எழுதி வைத்தவர் அக்குருவானவரேதான். எழுத்தறியாத அந்த ஏழைகள், எஜமானுக்கு எழுதிய கடிதத்தை அடிமைக்கு வாசித்துக் காட்டும் அக்கிரமத்தைத் தங்கள் கால்களாலேயே கண்டித்தார்கள் என்று நான் கொள்கிறேன்.

அதே 1833ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி பேதத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும் என்று நம் தென்னாட்டுச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங்கலகம் மூண்டது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுவதற்கு இசையாமல், உயர்ந்த ஜாதி என்று தம்மை மதித்துக்கொண்ட கிறிஸ்தவர் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். அங்கே பொறுத்துப் போ என்ற உபதேசம் கேட்டு அடிமைகள் வெளியேறினார்கள். இங்கே விட்டுக்கொடு என்ற உபதேசம் கேட்டு மேலோர் வெளியேறினார்கள். இவ்விரண்டு வெளிநடப்புகளில் எது நிருபத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களுடையது என்று தீர்மானிக்கப் பாண்டித்தியம் வேண்டியதில்லை.

கை ஓங்கியவன் எப்போதும் கெட்டவன் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அவன் பெரும்பாலும் நல்லவன், தர்மம் செய்கிறவன், அதனாலேயே தன்னிடம் கேட்க இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னர் 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரான வி. எஸ். அசரியா, 1910இல் எடின்பரோ மகாநாட்டில் மிஷனெரிமார் நிறைந்த சபையில் எழுந்து, அவர்களுடைய தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஏற்றுக்கொண்டபின், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள் என்ற பொருளில் முடித்தபோது, அங்கிருந்த பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. பொருளையும் சரீரத்தையும் கொடுக்கத் தயாராயிருந்தவர்கள், சமமாக ஒரு நாற்காலியைக் கொடுக்கத் தயங்கினார்கள்.

அந்த நாற்காலி இன்று நம் வீடுகளில் எங்கே கிடக்கிறது? ஞாயிறு ஆராதனை முடிந்து, வெள்ளைவேட்டி கசங்காமல் வீடு திரும்பிச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அமர்ந்து, தலைகுனிந்து ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். அதே வேளையில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாள், புறக்கடைச் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும் தன் தனித் தம்ளரைத் தானே எடுத்துக் கழுவி நீட்டுகிறாள். மேலேயிருந்து காப்பி ஊற்றப்படுகிறது, விளிம்பில் விளிம்பு படாமல். யாரும் அவளைத் திட்டவில்லை. கிறிஸ்மஸுக்குப் புடவையும் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் பவுல் தம் கணக்கில் ஏற்றிக்கொள்ள நினைத்தது அந்தத் தம்ளரைத்தான் என்பது என் துணிபு.

ஒரு நியாயமான ஆட்சேபனை உண்டு. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் அடிமைகளுக்கும் கீழ்ப்படிதல் போதிக்கப்படுகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, எஜமான்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் உண்டென்று எச்சரிக்கப்பட்டிருப்பதையும் சேர்த்து வாசிப்போம். அடிமைமுறையையே பவுல் ஒழிக்கச் சொல்லவில்லையே என்ற குறை எனக்கும் உண்டு. அக்குறையைச் சமாதானம் சொல்லி மழுப்ப விரும்பவில்லை.

ஆனால் பவுலின் உடன் ஊழியனான தீகிக்குவுடன் கொலோசெக்குப் புறப்பட்ட ஒநேசிமு, தன் முதுகையும் பிராணனையும் பணயம் வைத்தே அந்த வழியில் நடந்தான். சாதாரணப் புத்திமதிக்காரராயிருந்தால், பயபக்தியோடு நட, எதிர்த்துப் பேசாதே என்று அவனுக்குத்தான் முதலில் நாலு வரி எழுதியிருப்பார். அவனைப் பற்றிய இந்தக் கடிதம் முழுவதிலும் அவனுக்கென்று ஒரு வரிப் புத்திமதியும் கிடையாது.