கடினமான ஒரு நாவலோடு வாழ்தல்



மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரங்களில் ஒன்று எங்கள் பெரியகல்லாற்றில் இருக்கிறது. மாரி மழையில் வாவி பெருகி வயலும் வளவும் மூழ்கும்போது, வாயை அடைத்துக் கிடக்கும் மணலை வெட்டிவிடுவார்கள். வெட்டுவது சிறு வாய்க்கால்தான்; பிறகு வெள்ளமே மணலை அரித்து வழியை அகட்டிக்கொள்ளும். கடினமான நாவலை வாசிப்பதும் அப்படித்தான். முதல் வெட்டு மட்டுமே நம் பாடு.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தது. அதில் மலையாள எழுத்தாளன் ஜோசப் ஜேம்ஸ், பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5இல், 39 வயதில் இறக்கிறான். ஜேம்ஸ் கற்பனைப் பாத்திரம். காம்யுவின் மரணம் நிஜம். ஜேம்ஸின் வாழ்க்கையைத் தேடிப் போகிறான் பாலு என்ற தமிழ் எழுத்தாளன். பின்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. கதையை மட்டும் தேடுகிறவருக்கு இந்த நாவல் பிடிகொடுக்காது.

பாலுவைச் சந்திக்கும் ஜே.ஜே., கல்கியின் நாயகி சிவகாமி தன் சபதத்தை நிறைவேற்றினாளா என்று குத்தலாக விசாரிக்கிறான். இளவயதில் அந்த இடத்தில் ஜே.ஜே.யின் பக்கம் நின்றேன். புலம்பெயர்ந்து வந்து மறுபடி வாசித்தபோது, வேற்றுமொழிக்காரன் முன்னால் தன் இலக்கியத்துக்காகப் பதில் சொல்லவேண்டிய பாலுவின் நிலை உறைத்தது. அந்நிய ஊரில் நாம் ஒவ்வொருவரும் பாலுதானே! இப்போது நாட்குறிப்பே என்னை இழுக்கிறது. எதற்கும் வளைந்துகொடுக்காத ஒருவன் தனிமையில் தன்னோடு நடத்தும் வழக்கு அது. இந்த வயதில்தான் அதைப் பொறுமையாகக் கேட்க முடிகிறது.

எங்கள் மண்ணிலும் வாசகரைச் சிரமப்படுத்திய நாவல் ஒன்று உண்டு. மட்டக்களப்பில் ஆசிரியராயிருந்த எழுத்தாளர் எஸ்.பொ. 1961இல் 'தீ' நாவலைத் தந்தபோது முகஞ்சுளித்தவர்கள் உண்டு. அவர் 2014இல் சிட்னியில் காலமானார். 'தீ' பற்றிய வாதம் இன்னும் அணையவில்லை. நம்மைச் சிரமப்படுத்தும் எழுத்துக்கு ஆயுள் நீளம்.

நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு மாலை, பெரியவர்களும் பிள்ளைகளும் கூடியிருந்து ஜே.ஜே.யில் சில பக்கங்களை வாய்விட்டு வாசிப்போம். விளங்காத இடத்தில் நிறுத்தி, ஆளுக்கு ஆள் கேட்போம். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. முடிக்க வருடங்கள் ஆகலாம், ஆகட்டும். இந்த மாதமே தொடங்குவோம். முதல் அத்தியாயத்தை நான் வாசிக்கிறேன்.