மனக்காயம் ஆறத் தொடங்கும் காலம்
(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், பாசனம் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்று கண்ணுக்குப் புலனாகாத ஒரு காயத்தைப் பற்றியும், அது ஆறத் தொடங்கும்போது உண்டாகும் வேதனையைப் பற்றியும் சிந்திப்போம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். இடிந்த வீடுகளை மீண்டும் கட்டினோம். உப்பேறிய வயல்களைத் திருத்தினோம். ஆயினும், உற்றாரைப் பறிகொடுத்தோர் பலருக்கு உறக்கம் திரும்பவில்லை; அலையோசை கேட்டாலே நெஞ்சு பதறிற்று. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தார் வந்து, ஊர்த் தொண்டர்களுக்கு ஆறுதற்பணியில் பயிற்சி அளித்தனர்.

இக்காயம் பேரலையால் மட்டும் நேர்வதன்று. சாலை விபத்து, தீ, வன்கொடுமை, வீட்டில் நேர்ந்த தற்கொலை ஆகியவையும் இதை உண்டாக்கும். பெரும்பாலோர் உறவினர் அரவணைப்பிலேயே தேறிவிடுகின்றனர். ஒரு மாதம் கடந்தும் தீக்கனவு, திடுக்கிடல், நடந்ததை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல் ஆகியவை நீங்காமலிருந்தால் சிகிச்சை வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. சிகிச்சைக்குச் செல்பவர் சிலர் முதல் சில வாரங்களில் முன்னிலும் துன்புறுகின்றனர். அழாதிருந்தவர் அழுகிறார், ஓரளவு உறங்கியவர் விழித்துக் கிடக்கிறார், காரணமின்றிச் சினம் கொள்கிறார். உடனே வீட்டார், “பேசப் பேசக் கெடுகிறதே, இனிப் போகவேண்டாம்” என்று நிறுத்திவிடுகின்றனர். ஆறவிருந்த காயம் அப்படியே நின்றுவிடுகிறது.

இத்துன்பம் ஏன் உண்டாகிறது? பல மாதங்களாக அவர் அந்த நினைவை நெருங்காமல் விலகியே வாழ்ந்தவர். மரத்துப்போன மனமே அவருக்குக் கவசமாக இருந்தது. சிகிச்சையில் அந்த நினைவை நெருங்கும்போது கவசம் சற்றே விலகுகிறது. உள்ளே அடங்கியிருந்த அச்சமும் துயரமும் வெட்கமும் வெளிப்படுகின்றன. மரத்த காலுக்கு உணர்வு திரும்பும்போது குறுகுறுத்து வலிப்பதை நாம் அறிவோம். இதுவும் அத்தகையதே.

இதனை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க அறிஞர் எட்னா ஃபோவாவும் அவர்தம் குழுவினரும், தாக்குதலுக்கு ஆளான பெண்களுக்கு அளித்த சிகிச்சையைப் பற்றி 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். நினைவை விவரிக்கத் தொடங்கியபோது துன்பம் மிகுந்தவர் சிறுபான்மையினரே. அவர்களும் ஏனையோரைப் போலவே பயன் பெற்றனர். ஆகவே, தொடக்க வேதனையைத் தோல்வி என்று கொள்ளலாகாது.

எனினும், வேதனை மிகுந்தால்தான் நன்மை என்றும் எண்ணவேண்டாம். பதம் பாராமல் உழுதால் நிலம் கெடும் என்பது உழவர் அறிந்த உண்மை. ஜூடித் ஹெர்மன் என்னும் மருத்துவர் 1992இல் எழுதிய நூலில் பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துயர் ஆற்றல், வாழ்வோடு மீண்டும் இணைதல் என மூன்று படிகளை வகுத்தார். நல்ல மருத்துவர் முதலில் மூச்சை நிதானப்படுத்தவும் மனத்தை நிகழ்காலத்தில் நிறுத்தவும் கற்பிப்பார். பிறகே நினைவைத் தொடுவார். வாரம் ஒரு முறையாக 8 முதல் 15 வாரங்கள் வரை நடைபெறும் சிகிச்சை முறையும் உண்டு. தாங்கமுடியவில்லை என்றால் அதை மருத்துவரிடமே கூறவேண்டும். அவர் வேகத்தைக் குறைப்பார்.

ஊரார் செய்யவேண்டியவை சில உண்டு. “என்ன நடந்தது, சொல்” என்று எவரையும் வற்புறுத்தலாகாது. “இன்னுமா அதை நினைத்துக்கொண்டிருக்கிறாய்?” என்று கடிதலும் ஆகாது. சிகிச்சை நாளன்று துணைக்கு ஒருவர் செல்லட்டும். அன்று மாலை கடும் வேலை தராமல் ஓய்வளிக்கட்டும். வேளைக்கு உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்வோம். துயரை மறக்க மதுவை நாடாதவாறு காப்போம். பேருந்துக் கட்டணம் இன்றிச் சிகிச்சை நின்றுபோகுமாயின், ஊர் கூடி உதவுவோம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் அது தொடக்க வேதனை என்று காத்திருக்கலாகாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தை எட்டாதபடி பூட்டிவைத்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கிடைக்கும். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலச் சிகிச்சை உண்டு.

அன்பர்களே! நட்ட பயிர் சில நாள் வாடித்தான் வேர் பிடிக்கிறது. அந்த நாட்களில் யாரும் அதைப் பிடுங்கி எறிவதில்லை. நீர் காட்டிக் காத்திருக்கிறோம். நம் ஊரில் துயருற்றவரிடமும் அந்தப் பொறுமையைக் காட்டுவோமாக.