கடலும் ஒரு சங்கம்தான்
(திருவண்ணாமலையில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



மலையடிவாரத்துல உக்காந்துகிட்டு கடலைப் பத்தி என்ன பேச்சு என்று நினைக்கலாம். நம்மில் பல பேர் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்துல முழுகி வந்திருக்கோம். அங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் கடலில் 21 தீவுகள். 560 சதுர கிலோமீட்டர். இதை 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று அரசு அறிவித்தது.

அங்கே 117 வகைப் பவளங்கள் இருக்கின்றன. பவளம் கல் இல்லை, உயிர். மீன் முட்டையிட்டு, குஞ்சு வளர்கிற வீடு அது. அலையின் வேகத்தையும் அதுதான் தடுக்கிறது. கடற்புல்லை மேய்கிற கடற்பசு, நம்மைப் போலவே குட்டிக்குப் பால் கொடுக்கும். அதைக் காப்பாற்ற 2022-ல் பக்கத்திலுள்ள பாக் விரிகுடாவில் தனிக் காப்பகமே அமைத்தார்கள்.

ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். தடுப்பு போனதும் மண் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணிக்குள்ளே போயிடுச்சு. வட்டியை விட்டுட்டு முதலைத் தின்ன சங்கம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. பூங்கா என்று சொன்னதும் தீவுக்குப் போகத் தடை வந்தது. விரலில் துணி சுத்திக்கிட்டு, மூச்சை அடக்கி முங்கி, பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் எங்கே போவார்கள்? ரம்ஜான் மாதத்தில் செய்கிற கடல்பாசி இனிப்புக்கு மூலப்பொருள் கடலில் விளையும் பாசிதான். அந்தப் பெண்கள் கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்போம், மற்ற நாள் பாசி வளரட்டும் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

குழுக்களுக்கு வருமானம் என்று கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி ஒன்று, குருசடைத் தீவில் பவளத்தின் மேலேயே படர்ந்து மூடிவிட்டது. அதனால் எந்தத் தொழில் திட்டம் வந்தாலும், மாதம் எவ்வளவு வரும் என்பதோடு, பத்து வருஷம் கழிச்சு நிலம், தண்ணி என்ன ஆகும் என்றும் கேட்போம்.

நம்ம மாவட்டத்துத் தென்பெண்ணையும் செய்யாறும் கடைசியில் கடலுக்குத்தான் போகுது. பௌர்ணமி கிரிவலத்தன்று நாம் விற்கிற பொட்டலமும் கப்பும் மழையோடு ஏரிக் கால்வாயை அடைக்குது. வர்ற பௌர்ணமியில் இருந்து கடை போடுகிற நம் குழுக்கள் இலைத் தட்டு மட்டும் வைப்போமா? இதை ஒவ்வொரு குழுவிலும் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள்.

கடலோரப் பெண்களுக்கு யாரும் உத்தரவு போடலை. அவங்களே முடிவு எடுத்தாங்க. நம்மாலும் முடியும்.