பிணி தீர்க்கும் பல கரங்கள்

 

எங்கள் மஹல்லாவில் ஒரு முதியவர். நெடுநாள் சர்க்கரை நோயாளி. அவரது உள்ளங்காலில் ஏற்பட்ட புண் பல வாரங்களாகியும் ஆறவில்லை. மருத்துவர் மருந்தை மாற்றினார். செவிலியர் நாள்தோறும் மருந்திட்டுக் கட்டினார். இரத்தப் பரிசோதனையும் நடந்தது. பலனில்லை. காலை எடுக்க நேரிடுமோ என்று குடும்பமே கலங்கியது.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர், ஒருநாள் அவரது கட்டு நனைந்திருப்பதைக் கவனித்துக் காரணம் கேட்டார். "ஐவேளையும் உளூச் செய்ய அவிழ்ப்பேன் அம்மா, பிறகு நானே கட்டிக்கொள்வேன்" என்றார் பெரியவர். செய்தி செவிலியருக்குச் சென்றது. அவர் பெரியவரின் மகனை அழைத்து, "தண்ணீர் படவே கூடாது, உங்கள் இமாமிடம் கேளுங்கள்" என்றார். மகன் என்னிடம் வந்தார்.

தண்ணீர் பட்டால் காயத்திற்குத் தீங்கு என்ற நிலையில், கட்டை அவிழ்க்காமல் அதன்மீது ஈரக்கையால் மஸஹ் செய்ய மார்க்கம் அனுமதிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபினர் அத்துடன் தயம்முமும் செய்ய வேண்டும். இதை எடுத்துச் சொன்னேன். கட்டு நனையாதிருந்தது, புண்ணும் ஆறத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

சிந்தித்துப் பாருங்கள்! மருத்துவருக்கு மருந்து தெரியும். செவிலியருக்குக் காயம் தெரியும். எனக்குச் சட்டம் தெரியும். ஆயினும் வீட்டில் நடப்பதை அறிந்தவர் அந்தத் தன்னார்வலர் ஒருவரே. அவர் வாய் திறந்திராவிட்டால் எங்கள் அனைவரின் அறிவும் வீணாகியிருக்கும்.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயமுற்றோருக்கு மருந்திட்டுப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) அவர்களையும் வரலாறு போற்றுகிறது. நோயாளியின் நலனில் பள்ளிவாசலுக்கும் பங்குண்டு.

ஆகவே பெருமக்களே! மருத்துவரிடம் மட்டும் பணிந்து பேசி, செவிலியரையும் தன்னார்வலரையும் அலட்சியம் செய்யாதீர்கள். உண்ணும் மாத்திரைகள், நிறுத்திய மாத்திரைகள், நாட்டு மருந்து ஆகிய எதையும் எவரிடமும் மறைக்காதீர்கள். மருந்துச் சீட்டுகளை ஒரே பையில் வைத்து, செல்லுமிடமெல்லாம் கொண்டு செல்லுங்கள். ரமளானில் நோன்பு நோற்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே மருத்துவரையும் ஆலிமையும் கலந்து கொள்ளுங்கள். மாத்திரை நேரத்தை நீங்களே மாற்றாதீர்கள்.

பிணி தீர்ப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் ஏற்படுத்திய காரணங்களான கரங்கள் ஒன்றிணைந்து செயல்பட நாமும் துணை நிற்போம். வல்ல ரஹ்மான் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.