மலைச் சோலையில் ஓர் ஔஷதம்

தென்காசியிலிருந்து மேற்கே நோக்கினால் முகில் தவழக் காட்சி தரும் குற்றால மலை, அருவிக்கும் சாரலுக்கும் மாத்திரமன்றி மூலிகைகளுக்கும் பெயர் பெற்றது என்பதை அறிவோம். ஆயின், அம்மலை அங்கமாய் அமைந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலே, துர்நாற்றமுடைய மலர்களைத் தாங்கி நிற்கும் 'மாப்பியா' என்னும் சிறு விருட்சம், புற்றுநோய்க்கு ஔஷதமாகும் ஒரு பொருளைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

கேம்ப்டோதெசின் என்னும் அப்பொருளை 1966-ஆம் ஆண்டில் வால், வானி என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தெடுத்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக விளங்கிய டி. ஆர். கோவிந்தாச்சாரி, பின்னாளில் பம்பாயில் ஆராய்ச்சி நடத்தியபோது, நம் மாப்பியாவிலும் அது உண்டென்று 1972-இல் தம் சகாவுடன் வெளியிட்டார். தமிழர் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி இது.

கேம்ப்டோதெசின் வேலை செய்யும் விதம் அதிசயமானது. தேர்வடத்தின் புரிகளை ஒரு முனையிலிருந்து பிரித்தால் மறுபக்கம் முறுக்கேறுவதுபோல, உயிரணு பெருகுங்கால் டி.என்.ஏ. இழையிலும் முறுக்கு ஏறும். டோபோஐசோமெரேஸ்-1 என்னும் நொதி ஓரிழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டிவிடும். இம்மருந்தோ வெட்டியபின் ஒட்டவொட்டாமல் அந்நொதியை அங்கேயே பிணித்துவிட, விரைந்து பெருகும் புற்றணு மடிகிறது.

இதனைத் திருத்தியமைத்துப் பெற்ற டோபோடெக்கான் சூலகப் புற்றுக்கும், இரினோடெக்கான் பெருங்குடற் புற்றுக்கும் 1996-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. அந்தோ, மருந்தின் பொருட்டே மாப்பியா மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டு, இன்று அருகிவருகின்றன. அவற்றை நட்டு வளர்க்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.